கொடையாளர் வாறார், வெயிலில் நில்லுங்கோ

லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ ஒரு பெரிய மனிசர் யாழ்ப்பாணத் தீவகத்தின் மண்கும்பான் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் காலைப் பாடம் கிடையாது. பிள்ளையள் பாண்ட் வாத்தியத்தோடு வாசலில் நிற்க வேண்டும். பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர் பதினொன்றரைக்கு வருவார். வெள்ளைப்புற்றடி விநாயகருக்கு அருச்சனை, சாட்டிக் கடற்கரையில் குடும்பத்தோடு செல்பி, அதற்குப் பிறகுதானே ஏழைகள்!

மாலை, மங்கள விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, சிறப்புரை. ‘கடல் கடந்தும் மண்ணை மறவாத வள்ளல்’ என்று அதிபர் வாசிப்பார். வள்ளல் தலையைக் குனிந்து, மறுப்பது போல ஏற்றுக்கொள்வார். பிறகு புத்தகப்பை வழங்கல். பையின் முதுகில் அவருடைய அம்மாவின் படம், தோற்றம், மறைவு. முப்பத்தோராம் நாள் நினைவாம். இனி ஒரு வருடத்துக்கு அந்த அம்மாவின் அந்தியேட்டிக் கல்வெட்டை ஏழு வயதுப் பிள்ளை முதுகில் சுமந்து திரியும்.

பை எல்லாருக்கும் கிடையாது. ‘ஆகவும் கஷ்டப்பட்ட பத்துப் பிள்ளையள்’ வேண்டும் என்று முதல் கிழமையே வட்ஸ்அப்பில் கட்டளை வந்துவிடும். தகப்பன் இல்லையா? நல்லது, முன்வரிசைக்கு வா. தாய் கூலி வேலையா? அதுவும் பரவாயில்லை. சப்பாத்துப் போட்டிருக்கிறாயா? கழற்றிவிட்டு நில். பட்டியல் முடிந்த பிறகு தாழ்ந்த குரலில் ஒரு கேள்வி வரும்: ‘உவை எந்தப் பகுதி ஆக்கள்?’ குளிர்நாட்டில் முப்பது வருடம் இருந்தும் உறையாத கேள்வி அது.

எல்லாம் காணொளியாகும். பின்னணியில் வயலின் அழும். பிள்ளை அழாவிட்டால் இன்னொரு முறை எடுப்பார்கள். உதவி வழங்கும் காணொளி ஒன்றில் இளம் பெண்ணொருத்தியை அவமானப்படுத்தினார் என்ற குற்றச்சாட்டில் 2025 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில் ஒரு யூடியூபர் கைதானார். ஊரே கொதித்தது. அந்த மாதிரிக் காணொளிகளுக்கு அதுவரை காசு அனுப்பியதும் இதய முத்திரை குத்தியதும் யார் என்று கேட்டால், ஊர் வேறு பக்கம் பார்க்கிறது.

2019 இல் பிரித்தானியாவின் கொமிக் ரிலீஃப் தொண்டு அமைப்புக்காக உகண்டா போன தொலைக்காட்சிப் பிரபலம் ஒருவர், கறுப்புக் குழந்தையொன்றை இடுப்பில் வைத்துப் படம் போட்டார். நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் லாமி அதைக் கடுமையாகச் சாடினார். அடுத்த வருடமே, பிரபலங்களை ஆபிரிக்காவுக்கு அனுப்பிப் படம் எடுப்பதை நிறுத்துவதாக அந்த அமைப்பு அறிவித்தது. வெள்ளைக்காரருக்கே வெட்கம் வந்துவிட்டது. எங்கள் லண்டன் அண்ணையும் அப்போது ‘உது வெள்ளைத் திமிர்’ என்று முகநூலில் எழுதியிருப்பார். அடுத்த ஓகஸ்ட் விடுமுறையில் மண்கும்பான் பிள்ளையை இடுப்பில் தூக்குவார். தன் நிறம் என்றால் திமிரில்லைப் போலும்.

பெயரைப் பொறிக்கும் ஆசை யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. 1816 இல் வந்த அமெரிக்க மிஷனின் விடுதிப் பள்ளிகளில், செலவு கொடுத்த அமெரிக்கரின் பெயரையே பிள்ளைக்குச் சூட்டினார்கள். கறல், நெவின்ஸ் எல்லாம் அந்த வழியில் வந்த பெயர்கள். கொடுமைதான். ஆனால் மிஷன்காரன் பெயரை ஒட்டிவிட்டு விமானம் ஏறவில்லை. வட்டுக்கோட்டையில் இருந்து கணிதமும் வானசாஸ்திரமும் படிப்பித்தான். கறல் விசுவநாதபிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரில் ஒருவரானார். உங்களுடைய பை கிழிகிறபோது பிள்ளைக்கு என்ன மிஞ்சும்?

பை இல்லாமல் ஒருவரும் இங்கே படிப்பை விடவில்லை, ஐயா. கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945 இல் வந்தது. பாடப்புத்தகம் 1980 இலிருந்து இலவசம், சீருடை 1993 இலிருந்து. இல்லாதது ரீச்சர். தீவகம் கஷ்டப் பிரதேசம். நியமனம் கிடைத்த நாளிலிருந்தே இடமாற்றத்துக்கு ஆள் தேடத் தொடங்குகிறார்கள். இருக்கிறவரும் யாழ்ப்பாண பஸ்ஸை நினைத்துக்கொண்டுதான் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறார். பிள்ளையள் குறைவென்று ஆசிரியரைக் குறைப்பதும், ஆசிரியர் இல்லையென்று பிள்ளையள் பட்டினத்துக்கு ஓடுவதும், பிறகு கணக்குப் பார்த்துப் பள்ளியைப் பூட்டுவதும் அரசாங்கம் கண்டுபிடித்த அழகான வட்டம். அதைக் கேட்க வேண்டிய அதிகாரி மேடையில், உங்களுக்குப் பக்கத்துக் கதிரையில், பொன்னாடையோடு இருக்கிறார். அரசாங்கத்தின் கடமையை உங்கள் அம்மாவின் திவசத்தில் கழித்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில்.

தண்ணீரும் அப்படித்தான். தீவுகளில் பல கிணறு உவர். நல்ல தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது சாட்டியின் மணற்படுக்கை. அந்தப் பக்கத்து மணலை டிப்பர் டிப்பராக அள்ளினார்கள். அது எந்த வெளிநாட்டுக்காரரின் பூட்டிய வீட்டுக்கு மேல்மாடியானது என்று எந்தச் சிறப்புரையிலும் வராது. அதற்குப் பதிலாகப் பள்ளிக்கு ஒரு தண்ணீர்த் தாங்கி, அதில் தாங்கியை விடப் பெரிய பெயர்.

1990 இல் இராணுவம் தீவுகளுக்குள் இறங்கியபோது வெளிக்கிட்ட சனத்தில் ஒருவராக நீங்களும் இருக்கலாம். உங்கள் துயரம் பொய்யல்ல. குளிரில் உழைத்த காசும் பொய்யல்ல. ஆனால் வெளிக்கிட வழியில்லாதவரின் பிள்ளைதான் வெயிலில் உங்களுக்காகக் கொடி ஆட்டுகிறது.

பத்துப் பிள்ளையளின் பைக்காசை விட்டுவிட்டு, மாலை வகுப்புக்கு ஒரு கணித ரீச்சரின் மாதச் சம்பளத்தை ஊர்ச்சங்கத்தோடு சேர்ந்து கொடுக்கலாமே என்று கேட்டால், ‘நல்ல யோசினை, ஆனால் பெயரை எங்கே போடுறது?’ என்கிறீர்கள். ரீச்சரின் சேலைத் தலைப்பில் அச்சடியுங்கோ, ஐயா. அம்மாவின் படத்தையும் போடுங்கோ. வகுப்பு நடந்தால் சரி.