நக்கல் மாலூமாத்

சவூதியில் பத்து வருஷமாகத் தண்ணீர் லாரி ஓட்டும் என் அத்தை மகன் ஓர் அரபிச் சொல்லைக் கற்றுக்கொடுத்தான்: நக்ல் மாலூமாத். பழைய பாஸ்போர்ட்டில் இருக்கும் விவரத்தை எடுத்து, புதிய பாஸ்போர்ட்டின் பேரில் அந்நாட்டு அரசின் கணினியில் ஏற்றுவதற்கு அதுதான் பெயர். அது ஏறினால்தான் குடியிருப்பு அனுமதியான இகாமா அசையும். இகாமா இருந்தால்தான் ஆள் அசையலாம். எங்கள் போடிநாயக்கனூர்ப் பையன்கள் வாயில் அது ‘நக்கல் மாலூமாத்’ ஆகிவிட்டது. தப்பாகச் சொன்னாலும் சரியாகத்தான் சொல்கிறார்கள்.

பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பது என்பதெல்லாம் நம் வாய்ப்பேச்சு. அரசாங்கப் படிவத்தில் அது ‘மறுவழங்கல்’. பத்து வருஷம் அந்தப் புத்தகத்தில் முத்திரை மேல் முத்திரை வாங்கியவன், தான் பிறந்ததையும், தன் அப்பா இன்னார் என்பதையும், போடிநாயக்கனூரில் தனக்கு ஒரு வாசற்படி உண்டு என்பதையும் மறுபடி சொல்லி நிற்க வேண்டும். நின்று வாங்கினாலும் அது அவனுடையதல்ல. 1967ஆம் வருஷத்துப் பாஸ்போர்ட் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி அது மத்திய அரசின் சொத்து. அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறவர் கபீல், அதாவது முதலாளி. பூட்டக் கூடாது என்று அங்கேயே சட்டம் இருக்கிறது. சட்டம் பாட்டுக்கு இருக்கிறது. சொத்து அரசுடையது, பெட்டி கபீலுடையது. உள்ளே இருக்கிற மூஞ்சி மட்டும் அத்தை மகனுடையது. அதுவும் சிரிக்கக் கூடாது.

விண்ணப்பம் வாங்கும் வேலையைத் தூதரகங்கள் தனியாரிடம் விட்டு வெகுகாலமாகிறது. அவன் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போய் நின்றான். போட்டோவில் காது சரியாகத் தெரியவில்லை என்று திருப்பினார்கள். இன்னொரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் போனான். முகத்தில் நிழல் விழுகிறது என்றார்கள். பாலைவனத்தில் பத்து வருஷம் தேடியும் கிடைக்காத நிழல், போட்டோவில் வந்து விழுந்திருக்கிறது!

அத்தை போடியில் ஏலக்காய் பொறுக்கும் செட்டுக்குப் போகிறவர். மலையில் பறித்து ஸ்டோரில் காயவைத்து வரும் காயைச் சலிப்பார்கள். 8 மி.மீ. சல்லடையில் நிற்பது ஒரு குவியல், 7 மி.மீ. இன்னொன்று. வெளுத்ததும் வெடித்ததும் தனி. பச்சை குன்றாத பருத்த காய் கப்பலேறி அரபு வீடுகளில் கஹ்வா காப்பியில் கொதிக்கும். பூச்சிமருந்து எச்சம் இருக்கிறதென்று சவூதி முகம் சுளித்தால் அந்தக் காய்க்காகப் பேச நறுமணப் பொருள் வாரியம் உண்டு, ஆய்வகம் உண்டு. அத்தை மகனுக்காகப் பேச ஒரு டோக்கன் நம்பர் உண்டு.

மனுஷனுக்கும் சல்லடை இருக்கிறது. அதன் கண் பத்தாம் வகுப்பு. அதில் நிற்காமல் விழுந்தவனின் பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்தில் ‘இ.சி.ஆர்.’, அதாவது ‘குடிபெயர்வுச் சோதனை தேவை’ என்று அச்சடிப்பார்கள். சவூதி, குவைத், மலேசியா என்று 18 நாடுகளுக்கு அவன் கூலிக்குப் போக வேண்டுமானால் தனி அனுமதி. ஏமாந்துவிடாமல் காப்பாற்றத்தானாம். காப்பாற்றுகிற ஆர்வம் முற்றிப்போய், 2018 ஜனவரியில் இவர்களுக்கு மட்டும் ஆரஞ்சு அட்டை போட்ட பாஸ்போர்ட் தரப்போவதாக அறிவித்தார்கள். வெடிப்புக் காயைத் தனிச் சாக்கில் கட்டுவோமே, அதேதான். எந்த விமான நிலையத்திலும் வாயைத் திறக்காமலே ‘நான் ஒன்பதாவதோடு நின்றவன்’ என்று கையில் பிடித்துக்கொண்டு நடக்கலாம். நாடு முழுக்கத் திட்டு விழுந்த பிறகு, அந்த மாதம் 30ஆம் தேதி வாபஸ் வாங்கினார்கள். அட்டை நிறம்தான் வாபஸ்; சல்லடை அப்படியே இருக்கிறது. 2023இல் வெளிநாட்டு இந்தியர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம் ஏறத்தாழ 12,000 கோடி டாலர், உலகத்திலேயே முதலிடம். அந்த டாலரில் எது பத்தாவது பாஸ், எது ஃபெயில் என்று ஒரு வங்கியும் சலித்துப் பார்க்கவில்லை.

இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது? விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவையும் ஏறி, இடுக்கித் தோட்டத்தில் காய் எடுத்துவிட்டுப் பொழுது சாய இறங்குகிற பெண்களிடமே 2020 கொரோனா முடக்கத்தில் இ-பாஸ் கேட்ட தேசம் இது. காய்க்கு அன்றும் பாஸ் வேண்டியிருக்கவில்லை. சாக்குக்கு லாரி இருந்தது.

கடைசியாகப் போலீஸ் விசாரணை. விலாசத்தைச் சரிபார்க்க ஒருவர் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து காகிதத்தை விரித்தார்.

“ஆளைக் கூப்பிடுங்கம்மா.”

“அவன் சவூதியில இருக்கான்யா.”

“ஊர்ல இல்லாத ஆளுக்கு எதுக்கும்மா பாஸ்போர்ட்டு?”

அத்தை அவரை ஒரு கணம் பார்த்தார். “ஊர்ல இருந்தா எதுக்குய்யா பாஸ்போர்ட்டு?”

அவருக்கு அது பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டில் ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்து, ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல் என்று அடுக்கினார். பெட்ரோல் செலவு என்று ஒன்றும் ஆனது; அதற்கு நகல் கேட்கவில்லை. எல்லாம் முடிந்து டீ வந்தது. ஒரு வாய் உறிஞ்சியவர், “ஏலக்காய் ஊருன்னு பேரு, டீயில ஒரு வாசத்தையும் காணோமே” என்றார்.

“நல்ல காயெல்லாம் சவூதிக்குப் போயிருச்சுய்யா” என்றார் அத்தை.