மலையேறி வரும் பெட்ரோல்

கேள்வி: மேலைநாடுகளில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை மூடுகிறார்களாமே, எங்கள் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் கிடைக்குமா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: கிடைக்கும், விலையை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்! 1924இல் தொடங்கிய ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் ஆலை 2025 ஏப்ரலில் சுத்திகரிப்பை நிறுத்தியது உண்மைதான். ஆலைக்கு வயதாகிவிட்டது; ஆசியாவின் புதிய பெரிய ஆலைகளோடு போட்டி போட முடியவில்லை. அதேசமயம், நெல்லை விற்றுச் சோறு வாங்கித் தின்றவனைப் போல, கச்சா எண்ணெயை விற்றுப் பெட்ரோலை இறக்குமதி செய்துகொண்டிருந்த நைஜீரியாவில், நாளுக்கு 6.5 லட்சம் பீப்பாய் திறனுள்ள டாங்கோட்டே ஆலை 2024இல் உற்பத்தியைத் தொடங்கிவிட்டது. அடுப்பு அணையவில்லை, வீடுதான் மாறியிருக்கிறது.

உங்கள் ஊருக்கோ மங்களூரு எம்.ஆர்.பி.எல். சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. ஆண்டுக்கு 1.5 கோடி டன் திறன். அங்கிருந்து ஹாசன் வழியாகச் சுமார் 360 கி.மீ. குழாயில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி, பெங்களூரு அருகேயுள்ள தேவனகொந்தி கிடங்குக்கு எரிபொருள் வருகிறது. அதுவரை எங்கும் டிராஃபிக் இல்லை. சில்க் போர்டு சிக்னலில் நிற்பதெல்லாம் உங்கள் ஸ்கூட்டருக்குள் போன பிறகுதான்!

கேள்வி: எல்லாரும் மின்சார ஸ்கூட்டருக்கு மாறிவிட்டால் மங்களூரு ஆலை என்ன செய்யும்?
– வாசகி, ஜெயநகர், பெங்களூரு

பதில்: பிளாஸ்டிக் செய்யும். மங்களூரில் இப்போதே பாலிப்ரொப்பிலீன் தயாராகிறது. உலகம் முழுக்கப் பல ஆலைகள் பெட்ரோ கெமிக்கல் பக்கம் சாய்வதும் இதற்காகத்தான். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மின்சார ஸ்கூட்டர் செய்கிறார்கள். அதற்கும் பிளாஸ்டிக் பாகங்கள் வேண்டுமே! டேங்க்கை விட்டு இறங்கினாலும் எண்ணெய் வண்டியை விட்டு இறங்காது.