செவ்வாய்க்கிழமை அச்சாகாது

உபுண்டு லினக்ஸில் ஒரு காலத்தில் செவ்வாய்க்கிழமை வந்தால் பிரின்ட் எடுக்க முடியாது. நல்ல காரியத்துக்குச் செவ்வாய் ஆகாது என்று நம் பாட்டிமார் சொன்னதை யாரும் கம்ப்யூட்டரிடம் போய்ச் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் 2008, 2009 வாக்கில் உபுண்டுவின் பிழைப் பதிவேட்டில் இப்படி ஒரு புகார் நிஜமாகவே இருந்தது: ஓபன் ஆபீஸிலிருந்து செவ்வாயன்று மட்டும் அச்சாகவில்லை. கிழமையைக் கவனித்துச் சொன்னவர் ஒரு பயனரின் மனைவி. சொன்னதோடு விடாமல் கணவருக்குச் செய்தும் காட்டிவிட்டார்.

காரணம் பிரின்டரிலிருந்து வெகுதூரத்தில் இருந்தது. லினக்ஸில் ‘ஃபைல்’ என்றே ஒரு கமாண்ட் உண்டு. எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் அதன் ஆரம்ப எழுத்துகளைப் பார்த்து இது படம், இது பாட்டு, இது புரோகிராம் என்று ஜாதகம் சொல்லும். அதற்கென ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது. அதன் பெயர் ‘மேஜிக்’. எரிக்ஸன் நிறுவனத்தில் பிறந்த எர்லாங் என்ற மொழியின் பழைய கோப்புகளுக்கும் அதில் ஒரு விதி. குறிப்பிட்ட இடத்தில் ‘செவ்வாய், ஜனவரி 22, 1991’ என்ற தேதி நேரத்தோடு ஆங்கிலத்தில் இருந்தால், அது எர்லாங் கோப்பு. விதியில் குற்றமில்லை. ஆனால் அந்தத் தொகுப்பில் ஓர் இடைவெளி வந்தால், தேடவேண்டிய சொல் அத்தோடு முடிந்தது என்று அர்த்தம். இடைவெளியையும் சேர்த்துத் தேட வேண்டுமென்றால் அதற்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட வேண்டும். போடவில்லை. விதி, செவ்வாயைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்துகளோடு நின்றுபோனது.

அச்சுக்குப் போகும் போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பின் தலைப்பகுதியில் அது உருவான தேதி இருக்கும். செவ்வாயன்று உருவானால் அதில் செவ்வாய் இருக்கும். ‘ஃபைல்’ கமாண்ட் அதைப் பார்த்து, இது எர்லாங் என்று சத்தியம் செய்தது. எர்லாங்கை எந்தப் பிரின்டர் அச்சடிக்கும்? புதன்கிழமை காலையில் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். சர்வீஸ் ஆளை வரவழைத்துக் காட்டவும் வழியில்லை.

இந்த வழக்கில் யாரும் ஓர் எழுத்தைக்கூடத் தப்பாக எழுதவில்லை. வெறும் இடைவெளிதான் குற்றவாளி. லினக்ஸில் புரோகிராம் எழுதிப் பிழைப்பவர்களைக் கேட்டால், பாதி நேரம் கதை இப்படித்தான் என்பார்கள். ஆயிரம் வரி எழுதிய இடத்தில் ஒன்றும் ஆகாது. எழுதாமல் விட்ட இடத்தில்தான் வினை. எரர் மெசேஜ் அதைச் சொல்லுமா என்றால் சொல்லாது. கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தி சாம்பாரில் உப்பு குறைவு என்பார். வாசலில் வரவேற்க ஆள் இல்லாதது வேறு யாராவது கிளறினால்தான் வெளியே வரும்.

ஐ.டி. அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழும் உரையாடல் ஒன்று:

“ப்ரோ, ஃபைல் இல்லைன்னு சொல்லுது.”

“எல்எஸ் போட்டுப் பாரு.”

“இருக்கு ப்ரோ.”

“அப்புறம் என்ன?”

“ரன் பண்ணா இல்லைங்குது.”

பேச்சு கடவுளைப் பற்றியதல்ல, ஒரு ஷெல் ஸ்கிரிப்டைப் பற்றியது. ஸ்கிரிப்டின் முதல் வரியில், இதை எந்தப் புரோகிராம் வாசிக்க வேண்டும் என்று எழுதியிருக்கும்; பெரும்பாலும் ‘பாஷ்’. அந்த ஸ்கிரிப்ட் ஒரு விண்டோஸ் மெஷினுக்குப் போய்த் திரும்பியிருந்தால், ஒவ்வொரு வரியின் முடிவிலும் ‘கேரேஜ் ரிட்டர்ன்’ என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். லினக்ஸ் கெர்னல் அதையும் பெயரின் பகுதியாகவே எடுத்துக்கொள்கிறது. வால் முளைத்த பாஷைத் தேடிப் பார்க்கிறது. கிடைக்கவில்லை. ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்கிறது. சொன்னது உண்மைதான். எந்தக் கோப்பு என்று மட்டும் சொல்லவில்லை. பாஷின் பழைய பதிப்புகளிலிருந்து நேராக ஓட்டினால் தொப்பிக்குறியும் ‘எம்’ எழுத்துமாக ஒரு துப்பாவது திரையில் விழும். டாக்கர் கன்டெய்னருக்குள் ஓட்டினால் பல சமயம் அதுவும் கிடையாது. ஸ்கிரிப்டின் பெயரைப் போட்டு ‘இல்லை’ என்று முடித்துவிடும். பையன் அந்த ஸ்கிரிப்டை அழித்து, மறுபடி காப்பி செய்து, அனுமதிகளை எல்லாம் திறந்துவிட்டு, கடைசியில் மெஷினையே ரீஸ்டார்ட் செய்வான்.

இந்த வால் எங்கிருந்து வந்தது? டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் பாஸ் செய்தவர்களுக்குத் தெரியும்: வரி முடிந்ததும் கைப்பிடியை ஒரு தள்ளு தள்ளினால் காகிதமும் ஏறும், கேரேஜும் திரும்பும். டெலிடைப் இயந்திரத்தில் இவை இரண்டு வேலைகள், இரண்டு சங்கேதங்கள். திரும்பு என்று ஒன்று, ஏறு என்று ஒன்று. நொடிக்குப் பத்து எழுத்து அடிக்கும் அந்த இயந்திரத்தில் அச்சுத்தலை இடதுகோடிக்குப் போய்ச் சேர ஓர் எழுத்துக்கான நேரம் போதாது. இரண்டு சங்கேதம் அனுப்பினால் மூச்சு வாங்க அவகாசம். யூனிக்ஸ், தன் முன்னோடியான மல்டிக்ஸைப் பின்பற்றி, ஒன்றே போதும் என்று வைத்துக்கொண்டது. சிபிஎம், டாஸ், விண்டோஸ் பரம்பரை இரண்டையும் பத்திரமாகக் காப்பாற்றி வருகிறது. டெலிடைப்புகள் மியூசியத்துக்குப் போய்விட்டன. அந்த அவகாசம் மட்டும் இன்னும் டாக்கருக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

கோடில் செய்யும் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் ‘கிட்’டை விண்டோஸில் இன்ஸ்டால் செய்யும்போது இந்த வரிமுடிவைப் பற்றி ஒரு திரை முழுக்கக் கேள்வி கேட்கும். அதைப் படித்துவிட்டு ‘நெக்ஸ்ட்’ அழுத்தியவர்கள் எங்காவது இருக்கக்கூடும்.

அடுத்தவர் ‘மேக்’. 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய கருவி. எந்தக் கோப்பு மாறினால் எதையெல்லாம் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும் என்று பார்த்துச் செய்யும். இதற்காக 2003இல் ஏசிஎம் அமைப்பின் விருதே கிடைத்தது. இதில் கமாண்ட் எழுதும் வரி ஒவ்வொன்றும் ‘டேப்’ எழுத்தில் தொடங்க வேண்டும். ஸ்பேஸ் கூடாது. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஃபெல்ட்மன் இந்த ஏற்பாட்டைச் செய்த சில வாரங்களிலேயே அது சரியில்லை என்று புரிந்திருக்கிறது. மாற்றியிருக்கலாம். ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் மேக்கைப் பயன்படுத்த ஆரம்பித்திருந்தார்கள். அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாமே என்று விட்டுவிட்டார். அந்த ஒரு டஜன் பேரின் நிம்மதிக்காக அரை நூற்றாண்டாக உலகம் டேப் அழுத்திக்கொண்டிருக்கிறது.

தப்பாக ஸ்பேஸ் போட்டால் க்னு மேக் சொல்வது: ‘பிரிப்பான் காணவில்லை’. எட்டு ஸ்பேஸ் போட்டிருந்தால் கொஞ்சம் இரக்கப்பட்டு, டேப் போட நினைத்தீர்களோ என்றும் விசாரிக்கும். நினைத்தது இன்னதென்று தெரிகிறது, ஆனால் செய்ய மாட்டேன் என்கிறது. குறைந்தது எட்டு இருந்தால்தான் இந்த விசாரணையும். இன்றைய எடிட்டர்களில் பல நான்கு ஸ்பேஸ்தான் போடும். நான்குக்கு அனுதாபம் கிடையாது.

சரி, எல்லா இடத்திலும் டேப் போட்டுத் தொலைப்போம் என்று கிளம்பினால், எதிர்த்திசையிலிருந்து ‘யாமல்’ வருகிறது. இன்று சர்வர்களுக்கான அமைப்புக் கோப்புகளில் நிறைய யாமல்தான். அதில் வரியைத் தள்ளி எழுத டேப் போட்டால் கோப்பையே வாசிக்காது. விதிப்படியே தடை. பைத்தான் மட்டும் சமாதானப் பிரியர்: டேப்பும் சரி, ஸ்பேஸும் சரி. ஆனால் ஒரே கோப்பில் இரண்டையும் கலந்து குழப்பினால் பைத்தான் 3 கோபித்துக்கொள்ளும். அதற்கென்றே ‘டேப் எரர்’ என்று தனி எரர் வைத்திருக்கிறது. யாமல் கோப்பு மேக்கைக் கூப்பிட, மேக் பைத்தானைக் கூப்பிடும் புராஜெக்ட்கள் ஏராளம். அவற்றில் வேலை செய்கிறவரின் இடதுகைச் சுண்டுவிரலுக்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

பின்சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் ஸ்பேஸ் இன்னொரு ரகம். நீளமான கமாண்டை அடுத்த வரிக்குக் கொண்டுபோக, வரியின் கடைசியில் பின்சாய்கோடு போடுவார்கள். அதற்கும் பின்னால் கை தவறி ஒரு ஸ்பேஸ் விழுந்தால், கமாண்ட் அங்கேயே முடிந்துவிடும். பழி அடுத்த வரியின் மேல் விழும். அந்த வரியில் இருக்கும் பாவப்பட்ட ஆப்ஷனைக் காட்டி ‘இப்படி ஒரு கமாண்ட் இல்லை’ என்று ஷெல் சொல்லும். அந்த வரியை எத்தனை முறை திருத்தி எழுதினாலும் பலனில்லை, அது நிரபராதி.

இவையெல்லாம் நேரத்தைத்தான் தின்னும். 2011இல் நடந்தது வேறு மாதிரி. லேப்டாப்பில் என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இருந்து, லினக்ஸும் வேண்டும் என்ற ஆசையும் இருந்தவர்களுக்காக ‘பம்பிள்பீ’ என்ற ஓபன் சோர்ஸ் கருவி வந்தது. அதன் இன்ஸ்டால் ஸ்கிரிப்டில், பழைய டிரைவர் கோப்பு ஒன்றை நீக்கும் வரி. ‘யுஎஸ்ஆர்’ ஃபோல்டருக்குள், ‘லிப்’ ஃபோல்டருக்குள் என்று பாதை நீளும். யுஎஸ்ஆருக்கும் அடுத்த சாய்கோட்டுக்கும் நடுவில் ஒரு ஸ்பேஸ் விழுந்திருந்தது. ஒரு பாதை இரண்டானது. கேள்வி கேட்காமல் எல்லாவற்றையும் அழிக்கும் அந்தக் கமாண்டுக்கு முதலில் கிடைத்தது வெறும் யுஎஸ்ஆர். லினக்ஸில் இன்ஸ்டால் செய்த புரோகிராம்களில் கிட்டத்தட்ட எல்லாம் குடியிருக்கும் இடம் அது. ரூட் அதிகாரத்தோடு ஓடும் ஸ்கிரிப்ட் என்பதால் தடுக்கவும் யாருமில்லை. இங்கே எரர் மெசேஜே வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சொன்னதைச் சொன்னபடி செய்து முடித்தது. சில வாரங்கள் உலகம் முழுக்கப் புரோகிராமர்கள் அந்த ஒரு வரித் திருத்தத்தைப் பார்த்துச் சிரித்தார்கள், அவரவர் ஸ்கிரிப்டைத் திறந்து ஒருமுறை சரிபார்த்த பிறகு.

தெரியாததைக் காட்டும் கண்ணாடி லினக்ஸிலேயே இருக்கிறது. ‘கேட்’ என்ற சாதாரணக் கமாண்டுக்குப் பெரிய ‘ஏ’ ஆப்ஷனைக் கொடுத்தால், டேப்புக்குத் தொப்பிக்குறியும் ‘ஐ’யும், கேரேஜ் ரிட்டர்னுக்குத் தொப்பிக்குறியும் ‘எம்’மும், வரி முடியும் இடத்தில் டாலர் குறியும் போட்டுக் காட்டும். டாலருக்கு முன்னால் காலியிடம் இருந்தால் ஆள் அகப்பட்டான். ‘கிட் டிஃப்’ புதிதாகச் சேர்த்த வரியின் முடிவில் தொங்கும் ஸ்பேஸைச் சிவப்பில் அடித்துக் காட்டும். வரிமுடிவைச் சரிசெய்ய ‘டாஸ் டு யூனிக்ஸ்’ என்றே ஒரு கருவி. ஒரு நொடி வேலை. அதற்கு முந்தைய நான்கு மணி நேரம் கணக்கில் வராது.

தமிழில் கோப்புக்குப் பெயர் வைக்கிறவர்களுக்கு இந்தக் கண்ணாடியும் போதாது. யூனிகோடில் ‘கொ’வின் ஒகரக்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடு சொல்கிறது. திரையிலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் லினக்ஸின் வழக்கமான ‘எக்ஸ்ட் 4’ கோப்பமைப்புக்குக் கோப்பின் பெயர் என்பது வெறும் பைட்டுகள். ஆகவே ஒரே ஃபோல்டரில் ‘கொடி’ என்று இரண்டு கோப்புகள் அக்கம்பக்கமாக இருக்க முடியும். நம் நண்பர் ஒருவரின் மெஷினில் இருந்தன. ‘க’வில் தொடங்கும் கோப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டு அழி என்று கமாண்ட் கொடுத்தார். ‘கொடி’யை அழிக்கவா என்று கேட்டது. பிறகு ‘கொடி’யை அழிக்கவா என்று கேட்டது. கடைசியில் கோப்பின் அளவை வைத்து எது பழையது என்று அடையாளம் கண்டு, பெயரே சொல்லாமல் ஐநோடு என்ற உள் எண்ணைக் கொடுத்து அழித்தார். இனி இந்த வம்பே வேண்டாம் என்று அடுத்த கோப்புக்குத் ‘தோரணம்’ என்று பெயர் வைத்திருக்கிறார். ஓகாரத்துக்கும் இதே கதைதான் என்று அவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.