கனவும் ஒரு கையும்

சித்தூர் (பாலக்காடு) வாசகி: குறுந்தொகை 30இல் தலைவி கனவு காண்கிறாள், விழிக்கிறாள், வருந்துகிறாள். ஆறடிக்குள் உவமை எங்கே, மையப்பொருள் எங்கே?

மையப்பொருள் அவள் கையில்! அவன் பொய்யில் வல்லவன்; அவனைப் போலவே வந்து ஏமாற்றியது கனவு. இரண்டு பொய்க்கு நடுவே, எழுந்து படுக்கையைத் தடவிய கை மட்டுமே மெய். உவமை, வண்டு மொய்த்து வாடிய குவளை: பூ இருக்கிறது, பொலிவு இல்லை. திருக்குறளின் 122ஆம் அதிகாரத்தில் இன்னொருத்தி, தூது கொண்டுவந்த கனவுக்கு என்ன விருந்து வைப்பேன் என்கிறாள். குறுந்தொகை 30ஐப் பாடிய கச்சிப்பேட்டு நன்னாகையாரின் தலைவியோ கனவின் மேலேயே பிராது கொடுக்கிறாள். எனக்கு இவளைத்தான் அதிகம் பிடிக்கிறது.

மறையூர் (இடுக்கி) மாணவர்: அந்தக் குறுந்தொகை 30 பாலைத்திணைப் பாட்டாம். எங்கள் மலையில் ஏது சார் பாலை?

நீலக்குறிஞ்சிக்குத்தான் 12 வருஷம் காத்திருக்க வேண்டும். இரவிகுளத்தில் 2018இல் பூத்தது. பாலை என்பது பிரிவு; அதற்குக் காத்திருப்பே வேண்டாம். உங்கள் தெருவில் ஒருவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏறட்டும், அன்று ராத்திரியே அந்த வீட்டில் பாலை. குறிஞ்சியும் முல்லையும் வளம் திரிந்தால் பாலையாகும் என்று சிலப்பதிகாரமே சொல்கிறது.