பாண்டிக்குப் பிரசவம்

நான் பி.எஸ்சி. விலங்கியல். இதை நானே வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் நடவடிக்கையைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. பட்டம் வாங்கிய பிறகு நான் நெருங்கிப் பழகிய உயிரினங்கள் பல்லியும் கரப்பானும்தான். அவையும் என்னைப் பெரிதாக மதித்ததில்லை.

அப்படிப்பட்டவன்தான் மகளின் நச்சரிப்பு தாங்காமல் ஒரு சிரியன் ஹாம்ஸ்டர் வாங்கப் போனேன். கருப்பு உடம்பில் மஞ்சள் திட்டுகள். ஒரு காது கருப்பு, ஒரு காது மஞ்சள். "ஆணா, பெண்ணா?" என்றேன். "ஆண் சார், கியாரண்டி" என்றார் கடைக்காரர். படித்தவன் சும்மா இருக்கலாமா? வாங்கித் தலைகீழாகப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, உற்றுப் பார்த்துவிட்டு "ஆமாம், ஆண்தான்" என்று வழிமொழிந்தேன். அங்கே நான் என்னத்தைப் பார்த்தேன் என்பது இன்றுவரை எனக்கே தெரியாது.

வளர்ந்த ஆண் ஹாம்ஸ்டரை அடையாளம் காண நுண்ணோக்கி எல்லாம் வேண்டாம். பின்பக்கம் துருத்திக்கொண்டு அதுவே விளம்பரம் செய்யும். விளம்பரம் இல்லையே என்று எனக்குத் தோன்றவில்லை. அடக்கமான ஆண் என்று நினைத்துவிட்டேன்.

மகள் 'புலிப்பாண்டி' என்று பெயர் வைத்தாள். பாண்டி வந்த நாளிலிருந்து ஊதிக்கொண்டே போனான். "உட்கார்ந்த இடத்துலயே சாப்பிட்டா ஆம்பளைங்க இப்படித்தான் ஆவாங்க" என்றாள் மனைவி, கூண்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்து. ரோஷம் வந்து பாண்டியின் தீனியைக் குறைத்தேன். நிறைமாத கர்ப்பிணிக்கு டயட் போட்ட பாவம் எந்தக் கோயிலில் தீரும் என்று தெரியவில்லை.

சிரியன் ஹாம்ஸ்டரின் கர்ப்பம் சுமார் 16 நாள்தான். நாம் சந்தேகப்பட்டு, விசாரித்து, ஒரு முடிவுக்கு வருவதற்குள் அது பெற்றுப் போட்டுவிடும். "அப்பா, பாண்டி கூண்டுல பிங்க் கலர்ல ஏதோ நெளியுதுப்பா" என்று மகள் எழுப்பியபோது நான் கேட்ட முதல் கேள்வி, "பாண்டி எங்கே?" பாண்டி பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இனிதான் என் பட்டத்துக்கு வருகிறேன். பாண்டியைத் தலைகீழாகப் பிடித்திருக்கவே வேண்டாம். அது பெண் என்று முதுகிலேயே போட்டிருந்தது.

இந்த ஹாம்ஸ்டர்களில் மஞ்சள் நிறம் தரும் ஜீன் ஒன்று எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான். அதில் மஞ்சள் ஜீன் இருந்தால் உடம்பெல்லாம் மஞ்சள், இல்லாவிட்டால் கருப்பு. இரண்டும் கலந்து திட்டுத் திட்டாக வர வேண்டுமானால் இரண்டு எக்ஸ் வேண்டும். எக்ஸ்-எக்ஸ்-ஒய் என்று பிறக்கும் அபூர்வப் பிறவிகளை விட்டுவிட்டால், திட்டு போட்டதெல்லாம் பெண். இதை நான் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

எழுதிய தலைப்பு 'லயன் கருதுகோள்'. அந்த லயன் என்பவரை முறுக்கு மீசை வைத்த ஆங்கிலத் துரையாக மனசுக்குள் வரைந்து வைத்திருந்தேன். பிறகு பார்த்தால் மேரி லயன். 1925-இல் பிறந்த பெண்மணி. அவர் கேம்பிரிட்ஜில் படித்த காலத்தில் அங்கே பெண்களுக்கு முழுப் பட்டம் கிடையாது. பெயருக்கு ஒரு பட்டம் கொடுத்து அனுப்புவார்கள். அவருக்குப் பாதி, எனக்கு முழுசு. பல்கலைக்கழகங்கள் எப்போதுமே ஆள் பார்த்துத்தான் கொடுக்கின்றன.

அவர் இங்கிலாந்தில் ஹார்வெல் என்ற ஊரில், கதிர்வீச்சு உயிரினங்களை என்ன செய்யும் என்று பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் சுண்டெலிகளோடு இருந்தார். அங்கே சில பெண் சுண்டெலிகளின் ரோமத்தில் மட்டும் திட்டுத் திட்டாக நிறம். இன்னொரு பக்கம், 1959-இல் அமெரிக்காவில் சுசுமு ஓனோவும் கூட்டாளிகளும் பெண் எலியின் ஈரல் செல்லில் இரண்டு எக்ஸில் ஒன்று மட்டும் சுருண்டு கிடப்பதைப் பார்த்திருந்தார்கள். ஒரே ஒரு எக்ஸோடு பிறந்த சுண்டெலி, பெண்ணாக வளர்ந்து குட்டியும் போடுகிறது என்பதும் அதே வருஷம் தெரிந்திருந்தது. லயன் இந்த மூன்றையும் கோத்து, பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் ஒரு எக்ஸ் அணைந்து கிடக்கிறது என்று 1961-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். கட்டுரை ஒன்றிரண்டு பக்கம்தான். நான் கூண்டு வாங்கியபோது கூட வந்த விதிமுறைத் தாள் அதைவிட நீளம்.

ஏன் அணைய வேண்டும்? ஒரே தெருவில் இரண்டு கோயில், இரண்டு லவுட் ஸ்பீக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை நிறுத்தினால்தான் தெருவில் மனுஷன் இருக்க முடியும். ஆண் ஒரு எக்ஸோடு காலம் தள்ளுகிறான். பெண்ணுக்கு இரண்டும் ஒரேயடியாக அலறினால் கணக்கு உதைக்கும். இதை நான் வீட்டில் விளக்கியபோது "அப்ப எந்த எக்ஸை நிறுத்துவாங்க?" என்று மகள் கேட்டாள். "எல்லா செல்லிலும் ஒரே எக்ஸைத்தான்" என்றேன், கம்பீரமாக. "அப்படின்னா பாண்டி முழுக்க ஒரே கலர்ல இருக்கணுமே?" என்றாள். ஏழாம் வகுப்பு.

அவள் சொன்னதுதான் சரி. கரு சின்னதாக இருக்கும்போதே ஒவ்வொரு செல்லும் தன் இஷ்டத்துக்குச் சீட்டுப் போட்டு ஒரு எக்ஸை அணைக்கிறது. அதற்குப் பிறகு அந்தச் செல்லின் வாரிசுகளுக்கும் அதே முடிவுதான், அப்பீல் கிடையாது. மஞ்சள் எக்ஸை அணைத்த செல்லின் பரம்பரை ஒரு பக்கம் கருப்பாகப் பரவும். மற்றது மஞ்சளாகப் பரவும். பாண்டியின் இரண்டு காதும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததன் காரணம் இதுதான். நானோ அதை ஸ்டைல் என்று நினைத்திருந்தேன்.

அணைக்கும் வேலையைச் செய்வது 'எக்ஸிஸ்ட்' என்ற ஜீன். 1991-இல் கண்டுபிடித்தார்கள். அணையப் போகும் எக்ஸிலிருந்தே இந்த ஜீனின் ஆர்.என்.ஏ. கிளம்பி, புரதம் எதுவும் தயாரிக்காமல், தான் பிறந்த எக்ஸையே போர்த்தி மூடிவிடுகிறது. அப்படியும் சில ஜீன்கள் போர்வைக்கு வெளியே தலை நீட்டி வேலை செய்துகொண்டுதான் இருக்கும். சுண்டெலியில் கொஞ்சம், மனிதரில் அதைவிட அதிகம். இந்த இடத்தில் மனைவி கொட்டாவி விட்டாள்.

அவளை எழுப்பியது அடுத்த தகவல். சுண்டெலிக் கருவில் சீட்டுக் குலுக்கல் எடுத்த எடுப்பில் நடப்பதில்லை. முதலில் அணைவது அப்பாவிடமிருந்து வந்த எக்ஸ். பிறகு குட்டியாக வளரப் போகும் செல்களில் மட்டும் அதைத் திரும்ப எழுப்பி, புதிதாகக் குலுக்கல் போடுகிறார்கள். நஞ்சுக்கொடியில் அப்பா எக்ஸ் கடைசிவரை வாய் திறக்காது. "முதல்ல அப்பாவை ஆஃப் பண்ணிடுறாங்களா?" என்றாள். "ஆமாம்." "நல்ல சிஸ்டம்" என்றாள்.

குட்டிகளுக்கு ரோமம் முளைத்ததும் எனக்குத் துப்பறியும் ஆசை வந்தது. பாண்டி கர்ப்பத்தோடுதான் நம் வீட்டுக்கு வந்திருக்கிறாள், அப்பன் யார்? மகன்களைக் கேட்டுப் பயனில்லை, அவர்களின் எக்ஸ் அம்மா கொடுத்தது. மகள்தான் சாட்சி. மற்ற நிற ஜீன்கள் குட்டையைக் குழப்பாவிட்டால், முழு மஞ்சளாக ஒரு மகள் இருந்தால் அப்பன் மஞ்சள். முழுக் கருப்பாக ஒரு மகள் இருந்தால் அப்பன் கருப்பு. பேப்பரில் கட்டம் போட்டு அம்புக்குறி எல்லாம் வரைந்தேன். இத்தனை வருஷத்தில் பட்டத்துக்கு ஒரு வேலை வந்தது என்று நெஞ்சு நிமிர்ந்தது.

கூண்டில் மஞ்சளும் இருந்தது, கருப்பும் இருந்தது, திட்டும் இருந்தது. மஞ்சளில் எது மகள், கருப்பில் எது மகள்? அதைச் சொல்லத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். அந்த இலாகாவில் என் சர்வீஸ் ரெக்கார்டு உங்களுக்குத் தெரியும்.

சந்தேகமில்லாமல் பெண் என்று என்னால் சத்தியம் செய்ய முடிந்தவை திட்டுக் குட்டிகள் மட்டுமே. சோதனையைப் பாருங்கள், அப்பனைக் காட்டிக்கொடுக்காதவையும் அவை மட்டுமே. அம்மாவிடம் மஞ்சளும் அப்பனிடம் கருப்பும் வாங்கினாலும் திட்டு. மாற்றி வாங்கினாலும் அதே திட்டு. கட்டம் போட்ட பேப்பரை மகள் கூண்டுக்கு அடியில் விரித்துவிட்டாள். ஈரம் உறிஞ்ச நன்றாகவே உதவியது.

இப்போது அவசரம் ஒன்று இருக்கிறது. நாலு வாரத்துக்குள் ஆணையும் பெண்ணையும் தனித்தனியாகப் பிரிக்காவிட்டால் கூடப்பிறந்ததுகளே குடும்பம் நடத்த ஆரம்பித்துவிடும். வளர்ந்த சிரியன் ஹாம்ஸ்டரோ ஒரு கூண்டுக்கு ஒன்றுதான். இரண்டு இருந்தால் கடித்துக் குதறிக்கொள்ளும். வீட்டில் அத்தனை கூண்டுக்கு இடமில்லை. குட்டி வேண்டுமென்றால் வாருங்கள், காசு வேண்டாம். திட்டுப் போட்டதெல்லாம் பெண், அதற்கு நான் கியாரண்டி. மஞ்சளோ கருப்போ எடுக்கிறவர்கள் தயவுசெய்து கால்நடை மருத்துவர் ஒருவரிடம் காட்டிவிட்டுப் பெயர் வையுங்கள்.