இரவு பத்தரை மணிப் பசி: சிங்கப்பூர்த் தமிழர் வயிறு குறித்த ஓர் ஆய்வு

தேக்கா வட்டாரத்தில் இரவு பத்தரை மணிக்கு மேல் நடமாடுகிறவர்களைப் பரோட்டா சாப்பிடப் போகிறவர், சாப்பிட்டுவிட்டு வருகிறவர் என்று இரண்டாகப் பிரிப்பது மரபு. இந்த மரபில் விடுபட்டுப்போன மூன்றாம் வகையினரே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். 'சும்மா காலாற நடந்துட்டு வரேன்' என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பியவர்கள் இவர்கள். எடை குறைக்கிறார்கள். மாலை ஆறரைக்கே நறுக்கிய வெள்ளரிக்காயும் மஞ்சள் கரு நீக்கிய முட்டையும் தின்று இரவுச் சாப்பாட்டை முடித்தாயிற்று. மணிக்கட்டில் அடி எண்ணும் பட்டை. 2015-இல் தொடங்கிய தேசிய நடைப் போட்டியில் சேர்ந்தது முதல் அதைக் கழற்றுவதில்லை. ஃபேரர் பார்க்கில் இறங்கிச் சிராங்கூன் சாலை வழியாக நடப்பார்கள். கால் எந்தக் கடை வாசலில் நிற்கும் என்பது ஊரறிந்த விஷயம், அதற்கு ஆய்வு வேண்டாம். ஒன்பதுக்கு நிற்காத கால் பத்தரைக்கு மட்டும் ஏன் நிற்கிறது?

முன்னோர் ஆய்வுகளைப் புரட்டுவோம். அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்டு 1955-இலேயே இரவில் உண்ணும் நோய்க்குறி ஒன்றை விவரித்தார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் நிறையத் தின்பது, தூக்கம் வராமை, காலையில் பசியின்மை ஆகியவை அதன் அடையாளங்கள். நம்மவருக்கு இது பொருந்தாது. காலை இட்லியை இவர் விட்டதாக வரலாறு இல்லை. எனவே இது நோயல்ல என்று முதற்கட்டமாக முடிவு செய்யலாம். இந்த முடிவைக் கேட்டு ஆய்வுக்குட்பட்டவர்கள் பெரிதும் மகிழ்ந்தார்கள்.

2013-இல் ஃபிராங்க் ஷியர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இன்னும் உதவும். 12 பேரை 13 நாள் மங்கிய வெளிச்சத்தில் வைத்து, தூக்கத்தையும் சாப்பாட்டையும் நாளின் எல்லா நேரத்துக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். எதைத் தின்றாலும் எப்போது தூங்கினாலும், உடம்பின் உள்கடிகாரப்படி காலை 8 மணிவாக்கில் பசி அடங்கியும் இரவு 8 மணிவாக்கில் உச்சத்திலும் இருந்தது. அந்த உச்சத்தில் நாக்கு தேடியவை இனிப்பு, மாவு, உப்பு. சிங்கப்பூர்ப் பரோட்டாக் கடையை அறியாமலே அவர்கள் அதன் உணவுப் பட்டியலை எழுதிவிட்டார்கள் என்பதே என் கருத்து. மாவு உருண்டையை மாஸ்டர் மேசையில் அறைந்து, வீசி விரித்து, நான்காக மடித்துக் கல்லில் போடுகிறார். வெந்ததும் இரு கையாலும் ஓங்கித் தட்ட, மடிப்பு மடிப்பாகப் பிரிகிறது. பக்கத்தில் மீன் குழம்பு. சின்ன வயதுப் பழக்கம் விடாதவர்களுக்கு ஒரு தட்டில் சர்க்கரை. மூன்றும் ஒரே மேசையில்.

ஆனால் ஷியர் சொன்னது எட்டு மணி. நம்மவருக்குப் பசிப்பது பத்தரை. இந்த இரண்டரை மணி நேர இடைவெளியில்தான் இக்கட்டுரையின் பங்களிப்பு இருக்கிறது. சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிடச் சரியாக இரண்டரை மணி நேரம் முந்தியது. இங்கே பத்தரை என்றால் சென்னையில் எட்டு. ஆக, சிங்கப்பூர்த் தமிழரின் கை, கால், வங்கிக் கணக்கு எல்லாம் இங்கே குடியேறிவிட்டன; வயிறு மட்டும் இன்னும் இந்திய நேரத்தில் ஓடுகிறது. மாலை ஆறரைக்குத் தின்ற வெள்ளரிக்காயின் கதியும் இதனால் விளங்கும். அது சென்னையில் நான்கு மணி, டீயும் வடையும் வருகிற வேளை. அதை இரவுச் சாப்பாடு என்று வயிறு எப்படி ஒப்புக்கொள்ளும்?

கருதுகோளுக்குத் துணைச் சான்றும் உண்டு. ஊரில் அம்மா சீரியல் முடித்து, சாப்பிட்டு, போனை எடுக்கும் நேரம் எட்டரை. இங்கே மணி பதினொன்று. வாயைக் கட்டிக்கொண்டு படுக்கையில் புரள்பவரிடம் முதல் கேள்வி, 'சாப்பிட்டியாப்பா?' சாப்பிட்டேன் என்றால், 'என்ன சாப்பிட்டே?' வெள்ளரிக்காய் என்று சொன்னவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை இங்கே விவரிக்க இடமில்லை. போனை வைத்ததும் செருப்பைத் தேடுவதாகத் தகவலாளிகள் ஒருமித்துச் சொல்கிறார்கள்.

சட்டமும் தன் பங்குக்கு உதவுகிறது. 2013 டிசம்பர் 8-இல் இதே தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம், 2015 ஏப்ரல் முதல் இரவு 10.30-க்கு மேல் கடைகளில் மது வாங்கிச் செல்வதையும் பொது இடத்தில் குடிப்பதையும் தடுக்கிறது. பசி உச்சத்தைத் தொடும் அதே நிமிடத்தில் அரசு ஒரு கதவைச் சாத்த, சட்டத்தை மதிப்பவரும் நேரே பரோட்டாக் கடைக்குள் நுழைகிறார். பரோட்டாவுக்கு இரவுத் தடை எதுவும் இல்லை. 2016-இல் நீரிழிவின் மீது போர் அறிவித்த அரசு ஏன் இதை விட்டுவைத்தது என்று கேட்கலாம். எந்த அரசும் அடுத்த தேர்தலையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இனி மறுப்புகள். முதலாவது, உடம்பின் கடிகாரம் உள்ளூர் வெளிச்சத்துக்குச் சில நாளில் பழகிவிடும். இருபது வருடம் இங்கே இருப்பவர் இந்திய நேரத்தைச் சாக்குச் சொல்ல முடியாது. இரண்டாவது இன்னும் வலியது. கேலாங்கில் நள்ளிரவில் தவளைக் கஞ்சி குடிக்கும் சீனருக்கு எந்த ஊர் நேரத்தில் பசிக்கிறது? சீனாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நேரமாயிற்றே!

இதற்குப் பதில் சூரியனிடம் இருக்கிறது. சிங்கப்பூர் நிற்பது கிழக்குத் தீர்க்கரேகை ஏறத்தாழ 103.8 பாகையில். சூரியக் கணக்குப்படி கிரீன்விச்சை விட ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே முந்தியிருக்க வேண்டும். கடிகாரமோ எட்டு மணி நேரம் முந்தி ஓடுகிறது. உச்சி வெயில் இங்கே ஒரு மணிவாக்கில்தான். ஆக, சூரியனைப் பார்த்துப் பசிக்கும் வயிறு யாருடையதானாலும் கடிகாரத்துக்குப் பின்தங்கியே பசிக்கும். பிரிட்டிஷ் ஆட்சியில் 1933-இல் இருபது நிமிடம், 1941-இல் இன்னும் பத்து நிமிடம் கடிகாரத்தை முன்னே தள்ளினார்கள். ஜப்பானியர் வந்ததும் டோக்கியோ நேரம், அவர்கள் போனதும் பழையபடி. கடைசியாக 1981 டிசம்பர் 31 இரவு, தீபகற்ப மலேசியாவோடு சேர்ந்து, பதினொன்றரை மணிக்குக் கடிகார முள்ளை நேரே பன்னிரண்டில் வைத்தார்கள். பதினொன்றரை முதல் பன்னிரண்டு வரை, அதாவது இந்நாட்டின் மிகச் சுவையான அரை மணி நேரம், அன்றிரவு யாருக்கும் கிடைக்கவில்லை. அதை ஈடுகட்டவே மக்கள் இன்றுவரை தின்கிறார்கள் என்று ஒரு சாரார் கருதுகின்றனர். அந்தச் சாராரில் நான் ஒருவன்தான்.

சிகிச்சை முறைகளைச் சுருக்கமாகப் பார்ப்போம், பெரும்பாலானவை சுருக்கத்துக்கே தகுதியானவை. ஒரு குவளைத் தண்ணீர் குடிப்பது கழிவறைக்குப் போக உதவும். பல் துலக்குவது பரோட்டாவின் சுவையைச் சற்றுக் கெடுக்கும், ஆளைத் தடுக்காது. முஸ்தஃபாவில் பற்பசை வாங்கப் போகிறேன் என்பவரை மட்டும் நம்பவே கூடாது. முறுக்குப் பொட்டலம் இல்லாமல் அந்தக் கடையிலிருந்து வெளியே வந்தவர் யார்?

பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரக்குறியீடு வந்தது 2022 டிசம்பர் 30-இல். நூறு மில்லி லிட்டரில் பத்துக் கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் டி. ஓராண்டு கழித்து, கலக்கித் தரும் பானங்களுக்கும் அது விரிந்தது. இதன் விளைவைக் கடையில் நேரில் காணலாம். 'அண்ணே, தே ஓ கோசோங்' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார் நம்மவர். சர்க்கரை இல்லை, பால் இல்லை. அந்தப் பெருமிதம் அடங்குவதற்குள், 'கோசோங் பரோட்டா ரெண்டு, முட்டை வெங்காயம் ஒண்ணு, குழம்பு கொஞ்சம் கூட.' டீயில் மிச்சம் பிடித்தது பரோட்டாவில் செலவு. குறியீடு டீக்குத்தான், தட்டுக்கு இல்லையே!

உண்மையிலேயே வேலை செய்வது தூக்கம். 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். பத்து மணி நேரம் தூங்கிய இரவுகளோடு ஒப்பிட்டபோது, வயிறு நிறைந்ததைச் சொல்லும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது, பசியைக் கிளப்பும் கிரெலின் 28 விழுக்காடு ஏறியது. பதினொன்றுக்குப் பரோட்டா, ஒன்றுக்குப் படுக்கை, ஆறரைக்கு ரயில் என்றால் மறுநாள் பசிக்கான முன்பணத்தை இன்றே கட்டியாயிற்று. அடுத்தது, ஆறரை மணி வெள்ளரிக்காயை விட்டுவிட்டு எட்டு மணிக்குப் பருப்பு, மீன், காய் என்று ஒழுங்காகச் சாப்பிடுவது. இதில் கண்டுபிடிப்பு ஏதுமில்லை என்பதால் யாரும் செய்வதில்லை.

மன உறுதி இல்லை என்று பழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பரோட்டாவைக் கண்டு உருகும் இதே ஆள் புரட்டாசி முழுக்கக் கவிச்சி தொடுவதில்லை. தைப்பூசத்துக்கு வாரக்கணக்கில் விரதமிருந்து, சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை காவடி எடுத்து நடக்கிறார். வழியில் சாப்பாட்டுக் கடைகள் இல்லாமலா இருக்கின்றன? விரதத்துக்குத் தொடக்கத் தேதி உண்டு, முடிவுத் தேதி உண்டு, வீட்டில் எல்லாருக்கும் தெரியும், சமையலே மாறிவிடும். டயட்டுக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது. 'திங்கட்கிழமையிலிருந்து' என்கிறார், எந்தத் திங்கள் என்று யாரும் கேட்பதில்லை.

ஆகவே தீபாவளிக்கு மறுநாள் தொடங்கித் தைப்பூசம் வரை இரவுப் பரோட்டா விரதம் என்று பஞ்சாங்கத்திலேயே குறித்துவிடலாம் என்பது என் பரிந்துரை. நடைமுறையில் ஒரே ஒரு சிக்கல். இடையில் டிசம்பர் விடுமுறை வருகிறது, குடும்பத்தோடு ஊருக்குப் போவார்கள். இங்கே இருந்தவரை இந்திய நேரத்தில் பசித்த வயிறு, சென்னையில் இறங்கியதும் சிங்கப்பூர் நேரத்துக்கு மாறிவிடுகிறது. மாலை ஐந்தரைக்கே, சிங்கப்பூரில் எட்டாயிற்றே என்று இரவுச் சாப்பாடு கேட்கும். அந்த நேரத்துக்கு அங்கே சுடச்சுட வாழைக்காய் பஜ்ஜி வருகிறது. எட்டரைக்கு அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைக்கும்போது, பத்தரை தாண்டிவிட்டது என்று மறுபடியும் பசிக்கிறது.