லேன் கேபிள் இலக்கணம்

கணினியையும் ரவுட்டரையும் இணைக்கும் கேபிள் எத்தகையதாக இருக்க வேண்டும் என்ற கேள்வி, "கேட் சிக்ஸா, கேட் எய்ட்டா?" என்று கடைக்காரர் கேட்டதோடு முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறோம். எண் பெரிதானால் வேகமும் பெரிதாகும் என்பது பரவலான கொள்கை. அது பிழை. கேபிளின் தகுதி முறுக்கிலும் செம்பிலும் இருக்கிறது. உறைமேல் அச்சிட்ட எண் அவற்றுக்கு அடுத்ததே.

முறுக்கை முதலில் சொல்ல வேண்டும். உறைக்குள் எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடிகளாக முறுக்கிக் கிடக்கின்றன. இந்த உபாயத்துக்கு 1881இல் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் கிரகாம் பெல். முறுக்குவது எதற்கெனின், வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் ஜோடியின் இரு கம்பிகள்மீதும் ஏறக்குறைய ஒரே அளவில் படியும். பெறும் முனையோ இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே படிக்கும். எனவே இரைச்சல் கழிந்துபோகும். பக்கத்து ஜோடிகள் ஒன்றுக்கொன்று இடையூறு செய்யாதிருக்க, நான்குக்கும் முறுக்கின் நெருக்கம் வேறுவேறு. ஆலையில் இத்தனை கவனத்தோடு முறுக்கியதை, ஜாக் மாட்டுகிறவர் தம் வசதிக்காக இரண்டு அங்குலம் பிரித்துவிடுவது அநியாயம். 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கலாகாது என்பது தர விதி.

இதைவிடக் கொடியது நிற வரிசைப் பிழை. ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று ஜோடி ஜோடியாக இரு முனையிலும் ஒன்றுபோல் அடுக்கினால் போதாதா என்பார் உளர். போதாது. ஜாக்கின் 3ஆம் பின்னுக்கும் 6ஆம் பின்னுக்கும் ஒரே ஜோடியின் கம்பிகள் போக வேண்டும். மேற்படி அடுக்கில் 3இல் பச்சையும் 6இல் நீலமும் அமர்கின்றன. டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். சிக்னல் மட்டும் முறுக்கின் காவலின்றிப் போகும். ஆகவே 'பி' முறையை மனப்பாடம் செய்ய வேண்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு.

எண்களைச் சுருக்கமாக முடிக்கலாம். கேட் 5இ, 100 மீட்டர் வரை 1 ஜிகாபிட் தரும். பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே மிகை. கேட் 6, சுமார் 55 மீட்டர் வரை 10 ஜிகாபிட்டும், கேட் 6ஏ அதை 100 மீட்டர் வரையும் தாங்கும். கேட் 7ஐ அமெரிக்கத் தர அமைப்பான டிஐஏ ஏற்கவேயில்லை. கேட் 8, சர்வர் அறைகளுக்காக 30 மீட்டர் எல்லையோடு வகுக்கப்பட்டது. ரவுட்டர் தர இயலாத வேகத்தை அதனாலும் கொண்டுவர இயலாது.

இனி செம்பு. சந்தையில் விலை மலிந்த சுருள்கள் பலவும் அலுமினியக் கம்பிமேல் செம்புத் தோல் போர்த்தியவை. 'சிசிஏ' என்ற மூன்றெழுத்து அதன் அடையாளம். அந்த எழுத்தைக்கூட மறைத்து விற்பவர்களும் உண்டு. அலுமினியத்தின் மின்தடை செம்பைப்போல் ஏறத்தாழ 1.6 மடங்கு. அதே கேபிள் வழியாகக் கேமராவுக்கு மின்சாரமும் அனுப்பினால் சூடாகும். வளைத்தால் எளிதில் முறியும். முறிவைக் கண்டுபிடிப்பதும் கடினம். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும்; ஆகையால் நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ அறுந்தால் பல கருவிகளில் இணைப்பு நிற்பதில்லை, 100க்கு இறங்கிவிடுகிறது. வீட்டாரோ இணையச் சேவை நிறுவனத்தைக் குறை சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். மூலையில் முறிந்த ஒரு கம்பிக்காக இத்தனை பேர் நேரம் பாழாவது வருந்தத்தக்கது. பரிசோதனை எளிது: ஒரு கம்பியை பிளேடால் சுரண்ட வேண்டும். உள்ளே வெள்ளை தெரிந்தால் சுருளைத் திருப்பித் தந்துவிடலாம்.

ஆகவே வீட்டுக்கு முழுச் செம்பில் செய்த கேட் 6 போதும். சுவருக்குள் போவது ஒற்றைக் கம்பியாகவும், மேசையருகே அடிக்கடி வளைவது பல இழைகள் சேர்ந்ததாகவும் இருக்கட்டும். தகடு போர்த்திய வகைக்கு முறையான எர்த் வேண்டுமாகையால் அதைத் தேட வேண்டாம். மின்சார ஒயர் போகும் பைப்பிலேயே இதையும் நுழைக்க எலக்ட்ரீஷியன் முனைந்தால் தடுக்க வேண்டும். அங்கே ஒயரின் உறை உரிந்தால் 230 வோல்ட் கணினிக்கும், அதைத் தொடும் கைக்கும் வந்துசேரும். தனிப் பைப் கேளுங்கள்.